நின்றுபோன பைக்குகளில் பிறந்த கதை

1985-ஆம் ஆண்டு இத்தாலியின் மிசானோ தடத்தில் ராண்டி மமோலா கட்டாயம் கீழே விழுந்திருக்க வேண்டும். 500 சிசி ஹோண்டா அவரைத் தூக்கி எறிந்தது. இரண்டு கால்களும் வண்டியின் ஒரே பக்கத்துக்கு வந்துவிட்டன. ஹேண்டில்பாரைப் பிடித்த பிடியை மட்டும் மனிதர் விடவில்லை. தடத்தை விட்டு விலகி ஓடிய வண்டியோடு தொங்கிக்கொண்டே போய், எப்படியோ காலைத் தூக்கிப் போட்டு ஏறி உட்கார்ந்து ஓட்டிக்கொண்டு போனார். பைக் பைத்தியங்கள் இன்றைக்கும் தேடிப் பார்க்கும் வீடியோ அது.

கலிஃபோர்னியாக்காரரான மமோலா 500 சிசி பிரிவில் 13 கிராண்ட் பிரீ பந்தயங்களை வென்றவர். 1980, 81, 84, 87 என நான்கு முறை உலக வரிசையில் இரண்டாம் இடம். ஒருமுறைகூடச் சாம்பியன் ஆனதில்லை. அவருக்கும், ஆப்பிரிக்க மலைக்கிராமம் ஒன்றில் தடுப்பூசிக்காகக் காத்திருக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்? அந்தச் சம்பந்தத்துக்குப் பெயர் 'ரைடர்ஸ் ஃபார் ஹெல்த்'. கரடுமுரடான பாதைகளில் பைக் ஓட்டிக்கொண்டே நல்ல காரியத்துக்குப் பணம் திரட்டும் பயணங்கள் இன்று உலகம் முழுக்க நடக்கின்றன. அவற்றில் பலவற்றைவிட மூத்த கதை இது. என் கணிப்பில், அவற்றைவிட உருப்படியான கதையும்கூட.

எத்தியோப்பியப் பஞ்சம் உலகத்தையே உலுக்கிய காலம் அது. 1985 ஜூலையில் 'லைவ் எய்ட்' இசை நிகழ்ச்சி நடந்தது. பாடகர்கள் பாடிப் பணம் திரட்டினார்கள். பந்தய உலகத்திலும் அந்த அனல் அடித்தது. மமோலா, 'சேவ் தி சில்ட்ரன்' என்ற குழந்தைகள் நல அமைப்புக்காக நிதி திரட்டத் தொடங்கினார். அவரோடு நின்றவர்கள் பாரி கோல்மன், ஆண்ட்ரியா கோல்மன் என்ற தம்பதி.

பாரி, 'கார்டியன்' நாளிதழின் பத்திரிகையாளர். எழுதுவதோடு நிற்கிற ஆள் இல்லை. வீரர்களுக்குப் பரிசுப் பணம் சொற்பம், தடங்களில் பாதுகாப்பு மோசம் என்று 1979-ல் பந்தய வீரர் கென்னி ராபர்ட்ஸோடு சேர்ந்து மாற்றுப் பந்தயத் தொடர் ஒன்றையே அறிவித்து, பந்தய நிர்வாகத்தின் வயிற்றில் புளியைக் கரைத்தவர். அந்தத் தொடர் நடக்கவே இல்லை. ஆனால் பரிசுப் பணம் உயர்ந்தது. ஆண்ட்ரியா பைக் பந்தயக் குடும்பத்தில் பிறந்தவர், தானும் பைக் ஓட்டுபவர். அவருடைய முதல் கணவர் டாம் ஹெரான் வட அயர்லாந்தின் புகழ்பெற்ற வீரர். 1979-ல் 'நார்த் வெஸ்ட் 200' பந்தயத்தில் விபத்தில் இறந்தார். பைக் என்பது என்ன கொடுக்கும், என்ன பறிக்கும் என்று அந்த அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

ஆக, ஒரு ரேஸ்காரர், ஒரு பத்திரிகைக்காரர், பந்தயத்தில் கணவனைப் பறிகொடுத்த ஒரு பெண். தொண்டு நிறுவனம் நடத்திப் பழகியவர்கள் ஒருவரும் இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள், கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது.

திரட்டிக் கொடுத்த பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்க்க, 1980-களின் பிற்பகுதியில் மமோலாவும் பாரியும் சோமாலியா போனார்கள். அங்கே அவர்கள் கண்ணில் பட்டவை வரிசையாகச் செத்துக் கிடந்த மோட்டார் சைக்கிள்கள். சுகாதாரப் பணிக்காக வெளிநாடுகள் அன்பளிப்பாகக் கொடுத்தவை. நம்மூர் அரசு அலுவலகங்களின் பின்பக்கம் வேப்பமரத்தடியில் டயர் இறங்கி, சீட்டில் செடி முளைத்துக் கிடக்கும் ஜீப்புகளை ஒருகணம் நினைத்துக்கொண்டால் போதும், காட்சி விளங்கிவிடும்.

சுகாதார அதிகாரிக்கு அவை உடைந்த வண்டிகள். உதவி நிறுவனத்துக்காரருக்கு, அடுத்த ஆண்டு புதிதாக வாங்கித் தர வேண்டிய வண்டிகள். மமோலாவுக்கும் பாரிக்கும் அவை வேறு மாதிரித் தெரிந்தன. ஒவ்வொரு பந்தயத்துக்குப் பிறகும் எஞ்சினைப் பிரித்துப் பார்க்கும் உலகத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். வண்டிகளில் பெரிய கோளாறு எதுவும் இல்லை. வேளாவேளைக்கு ஆயில் மாற்றியிருந்தால், செயினை இறுக்கியிருந்தால், தூசி அடைத்த ஃபில்டரைக் கழுவியிருந்தால் ஓடியிருக்கும். வண்டி கொடுத்தவர்கள் அதைக் கவனிக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. கற்றுக்கொடுத்திருந்தாலும் ஆயில் வாங்கப் பணம் ஒதுக்கவில்லை. ஒதுக்கியிருந்தாலும் உதிரிபாகம் கிடைக்கிற கடை பக்கத்தில் இல்லை.

மோசடியோ ஊழலோ இல்லாமலேயே ஒரு பெரிய உதவி வீணாகிப்போகும் விதம் இது. புது வண்டியின் சாவியைக் கைமாற்றும்போது புகைப்படம் எடுக்கலாம். ஆயில் மாற்றும்போது யார் படம் எடுப்பார்கள்? நன்கொடை கொடுப்பவருக்குக் கணக்கில் காட்டத் தோதானது வண்டி. பராமரிப்பு என்பது முடிவில்லாத செலவு, அதற்கு யாரும் பெயர்ப்பலகை வைப்பதில்லை.

வண்டி நின்றால் நிற்பது வண்டி மட்டும் இல்லை என்பதையும் அவர்கள் பார்த்தார்கள். தடுப்பூசி தலைநகரத்துக் குளிர்பெட்டியில் இருக்கிறது, மாத்திரை கிடங்கில் இருக்கிறது, சுகாதாரப் பணியாளருக்குச் சம்பளமும் போகிறது. கடைசி 20 கிலோமீட்டரைக் கடக்க வழியில்லை. நடந்தே போகும் பணியாளர் ஒரு நாளில் ஓரிரு கிராமங்களைத்தான் எட்ட முடியும். மருத்துவ ஆராய்ச்சிக்குக் கோடிகளைக் கொட்டிவிட்டுக் கடைசியில் ஒரு கிளட்ச் கேபிளுக்காகத் தோற்றுப்போவது கொடுமை.

சோமாலியாவுக்குப் பிறகு காம்பியாவிலும் நிலைமையைப் பார்த்தார்கள். எங்கும் அதே கதைதான். அதன்பிறகு, ஒழுங்காகப் பராமரித்தால் வண்டி ஓடும் என்று ஒரு பந்தயம் கட்டிப் பார்ப்பதுபோல லெசோத்தோவில் சோதனையில் இறங்கினார்கள். வருடம் 1991.

லெசோத்தோவைத் தேர்ந்தெடுத்ததை நான் துணிச்சல் என்றுதான் சொல்வேன். நான்கு பக்கமும் தென்னாப்பிரிக்காவால் சூழப்பட்ட சின்ன நாடு. உலகத்தில் முழுப் பரப்பும் கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கு மேல் இருக்கும் ஒரே நாடு இதுதான். அதன் மிகத் தாழ்வான இடமே 1,400 மீட்டர். குளிர்காலத்தில் மலையில் பனி விழும். மழை பெய்தால் பாதை சேறு, காய்ந்தால் உருளும் கல். உள்ளே இருக்கும் ஊர்களுக்கு மக்கள் மட்டக் குதிரையில் போய் வருகிறார்கள். கரடுமுரடான பாதையில் பைக் ஓட்டும் வீரர்களுக்கு லெசோத்தோ ஒரு கனவு தேசம். 'ரூஃப் ஆஃப் ஆப்பிரிக்கா' என்ற கடும் பந்தயம் 1960-களின் இறுதியிலிருந்து அங்கே நடந்து வருகிறது. 2,876 மீட்டர் உயரத்துக்கு ஏறும் சானி கணவாயில் பைக் ஏற்றியதை ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சாகசம் தேடி வருகிற அதே மாதிரியான பாதைகளில்தான் அந்நாட்டு சுகாதாரப் பணியாளர், பின்னால் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு திங்கள்கிழமை காலை வேலைக்குப் போக வேண்டும். அவருக்குக் கைதட்ட ஆளில்லை, தொலைந்துபோனால் தேடிவர ஹெலிகாப்டரும் இல்லை.

அவருக்கு ரேஸ்காரர்கள் என்ன கற்றுக்கொடுத்தார்கள் என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்கலாம்.

காலையில் வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும். டாங்கில் பெட்ரோல் இருக்கிறதா, எஞ்சின் ஆயில் அளவும் செயினில் எண்ணெய்ப் பசையும் சரியா, செயின், கேபிள்களின் தளர்வு சரியா, நட்டு போல்ட் எதுவும் ஆட்டம் கண்டிருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா. மிஞ்சிப்போனால் பத்து நிமிட வேலை. தினமும் செய்ய வேண்டும், ஞாபகம் இருக்கிற அன்றைக்கு மட்டும் செய்தால் போதாது.

அடுத்தது ஏர் ஃபில்டர். மண்பாதையில் ஓடும் வண்டிக்கு எமன் தூசிதான். எஞ்சின் இழுக்கும் காற்றோடு நுண்மணல் உள்ளே போனால் பிஸ்டன் ரிங்கையும் சிலிண்டர் சுவரையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்ததுபோல் அரித்துவிடும். அதைத் தடுப்பது எண்ணெயில் நனைத்த ஒரு ஸ்பாஞ்சுத் துண்டு. அதைக் கழற்றி, அழுக்குப் போகக் கழுவி, முறுக்கிப் பிழியாமல் உள்ளங்கையால் அமுக்கிப் பிழிந்து, நிழலில் காயவைத்து, மறுபடி எண்ணெயில் தோய்த்து மாட்ட வேண்டும். முறுக்கினால் ஸ்பாஞ்சு கிழியும், கிழிந்த வழியாக மணல் உள்ளே போகும். அந்தச் சின்ன ஸ்பாஞ்சை விட்டால் ஒரு வண்டியே போய்விடும்.

அப்புறம் ஓட்டும் முறை. கல் பாதையில் சீட்டில் உட்காரக் கூடாது. ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முழங்கால்களால் டாங்கை அணைத்து, கண்ணை முன்சக்கரத்தில் வைக்காமல் தூரத்தில் வைக்க வேண்டும். செங்குத்தான இறக்கத்தில் முதல் கியரில் போட்டு எஞ்சினையே பிரேக்காக்கி இறங்க வேண்டும். ஓடை குறுக்கிட்டால் முதலில் இறங்கி நடந்து ஆழம் பார்த்துவிட்டுத்தான் வண்டியை இறக்க வேண்டும். ஹெல்மெட், பூட்ஸ், கையுறை கட்டாயம். ரேஸ் வீரனுக்கு இதெல்லாம் ரத்தத்தில் ஊறியது. சைக்கிள்கூட ஓட்டிப் பழகாத செவிலியருக்கு இதைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பது தனிக் கலை. பயிற்சி பெற்றவர்களில் பெண்களும் கணிசமாக இருந்தார்கள்.

நான்காவது விஷயம்தான் இவர்களுடைய உண்மையான கண்டுபிடிப்பு என்று நினைக்கிறேன். பழுதானால் வண்டியை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவா என்று சொல்லவில்லை. மெக்கானிக் ஊர் ஊராகப் போனார். பணியாளர் எந்தச் சுகாதார நிலையத்தில் இருக்கிறாரோ அங்கேயே குறித்த நாளில் போய்ச் சர்வீஸ் செய்தார். உதிரிபாகம் உடையும்வரை காத்திருக்கவும் இல்லை. இத்தனை கிலோமீட்டர் ஓடியதும் செயினை மாற்று, இத்தனை ஓடியதும் டயரை மாற்று, இத்தனை ஓடியதும் வண்டியையே மாற்று என்று கணக்கு வைத்தார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் செயினை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்கும் கணக்குப்பிள்ளைகள் எல்லா நாட்டிலும் உண்டு. அவர்களுக்கு லெசோத்தோ பதில் சொன்னது. அந்தச் சோதனையில் 47 மோட்டார் சைக்கிள்கள், அந்த மலைகளில், ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஓடின. வழியில் ஒன்றுகூடப் பழுதாகி நிற்கவில்லை.

இந்தக் கணக்கைப் படித்த பிறகும் ஆப்பிரிக்காவில் வண்டி தாங்காது என்று யாராவது சொன்னால் அது வண்டியைப் பற்றிய பேச்சு இல்லை.

'ரைடர்ஸ் ஃபார் ஹெல்த்' தனி அமைப்பாக முறைப்படி உருவானது 1996-ல். அதற்காக கோல்மன் தம்பதி தங்கள் வீட்டை அடமானம் வைத்தார்கள். கொள்கை பேசுகிறவர்கள் நிறைய, வீட்டுப் பத்திரத்தைக் கொண்டுபோய் வைக்கிறவர்கள் குறைவு. பணத்துக்கு அவர்கள் போய் நின்ற முக்கியமான இடம் தாங்கள் நன்கு அறிந்த பந்தய மைதானம். பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயை ஒட்டி 'டே ஆஃப் சாம்பியன்ஸ்' என்று ஒரு நாள். ரசிகர்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே வருவார்கள். வீரர்கள் தாங்கள் போட்டுக் கிழித்த கையுறை, உரசித் தேய்ந்த பூட்ஸ், ஹெல்மெட் எல்லாவற்றையும் மேடையேறி ஏலம் விடுவார்கள். மமோலா, இரண்டு பேர் உட்காரும்படி செய்த டுகாட்டி ரேஸ் பைக்கில் ரசிகர்களைப் பின்னால் ஏற்றிக்கொண்டு சுற்றிக் காட்டினார். பின்னால் உட்கார்ந்தவர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்குவார், மகிழ்ச்சியோடு பணம் கொடுப்பார். பிரிட்டிஷ் இளவரசி ஆன் அமைப்பின் புரவலராக இருந்தார்.

ஆனால் அமைப்பு ஏலப் பணத்தை மட்டும் நம்பி நடக்கவில்லை. நாடுகளின் சுகாதாரத் துறைகளிடம் ஒரு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கியது. பெட்ரோல், ஆயில், உதிரிபாகம், மெக்கானிக் சம்பளம், வண்டி தேய்மானம் எல்லாம் அந்தக் கட்டணத்துக்குள் அடக்கம். இலவசமாகக் கொடுக்க வேண்டியதற்கு எதற்கு விலை என்று முதலில் எனக்கும் தோன்றியது. யோசித்தால் விளங்குகிறது: விலை தெரிந்தால்தான் அரசாங்கம் பட்ஜெட்டில் பணம் ஒதுக்க முடியும். அன்பளிப்புக்குப் பட்ஜெட் கிடையாது, அதனால்தான் அது வேப்பமரத்தடிக்குப் போகிறது.

ஜிம்பாப்வே, காம்பியா, நைஜீரியா, கென்யா, ஜாம்பியா, மலாவி என்று வேலை பரவியது. ஹராரேயில் வாகன மேலாண்மைக்கென்றே ஒரு பயிற்சிக் கழகம் வந்தது. ஜிம்பாப்வேயில் பைக்கோடு இணைக்கும் பக்கவண்டி ஒன்றை உருவாக்கி, நோயாளியைப் படுக்கவைத்துக் கொண்டுபோக வழி செய்தார்கள். காம்பியாவில் அரசின் சுகாதாரப் பணிக்கான வாகனங்களை அமைப்பே வாங்கி, பராமரித்து, கிலோமீட்டர் கட்டணத்துக்கு ஓட்டும் ஏற்பாடு வந்தது. அதற்கான மூலதனத்தை வங்கிக் கடனாக எடுத்தார்கள், அமெரிக்காவின் ஸ்கோல் அறக்கட்டளை அதற்கு ஜாமீன் நின்றது. லெசோத்தோவில் பெரியவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ஹெச்.ஐ.வி. இருந்த காலத்தில், மலைக் கிராமங்களில் எடுத்த ரத்த மாதிரிகளைப் பரிசோதனைக் கூடத்துக்கும், முடிவுகளைத் திரும்பக் கிராமத்துக்கும் கொண்டுசெல்லத் தனி பைக் ஓட்டுநர்கள் கிளம்பினார்கள். மாதிரி கெட்டுப்போவதற்குள் போய்ச்சேர வேண்டும், அதனால் வண்டி நிற்கக் கூடாது. எபோலா காலத்தில் லைபீரியாவிலும் இதே வேலையைச் செய்தார்கள்.

இனி, சாகசப் பயணங்களுக்கு வருவோம். 2000-களில் பைக் சாகசமும் தொண்டும் கைகோத்துக்கொண்டன. நடிகர்கள் யூவன் மெக்ரெகரும் சார்லி பூர்மனும் 2007-ல் ஸ்காட்லாந்தின் வட ஓரத்திலிருந்து தென்னாப்பிரிக்காவின் தென்கோடிவரை பைக்கில் போனது தொலைக்காட்சித் தொடராக வந்து, அந்த ஆசையை உலகம் முழுக்கப் பற்றவைத்தது. 2008 அக்டோபரில் 'எண்டுரோ ஆப்பிரிக்கா' என்ற பயணத்தில் இளவரசர்கள் வில்லியமும் ஹாரியும் மற்ற ஓட்டுநர்களோடு சேர்ந்து தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் பகுதியில் சுமார் 1,600 கிலோமீட்டர் கரடுமுரடான பாதையில் ஓட்டினார்கள். யுனிசெஃப், நெல்சன் மண்டேலா குழந்தைகள் நிதி ஆகியவற்றோடு, லெசோத்தோ குழந்தைகளுக்காக ஹாரியும் அந்நாட்டு இளவரசர் சீயிசோவும் 2006-ல் தொடங்கிய 'சென்டிபாலே' அமைப்புக்கும் பணம் திரட்டுவது நோக்கம்.

இப்படிப்பட்ட பயணங்களைக் கிண்டல் செய்வது சுலபம். பணக்காரர்கள் தூசியில் விளையாடிவிட்டுப் புண்ணியம் சேர்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நான் அப்படி முடிக்க மாட்டேன். ஓட்டும் ஆசை இல்லாதவர்கள் அந்தப் பாதைக்கே வந்திருக்க மாட்டார்கள். பாதையைத் தன் முதுகெலும்பில் உணர்ந்த ஒருவர், அதே பாதையில் தினமும் போகும் செவிலியரின் கஷ்டத்தை அறிக்கை படித்துத் தெரிந்துகொள்பவரைவிட நன்றாகவே புரிந்துகொள்வார். என் குறை வேறு. பல பயணங்கள் ஊருக்குப் போய், நோட்டுப் புத்தகம் கொடுத்து, படம் எடுத்து, திரும்பிவிடுகின்றன. அடுத்த ஆண்டு வேறு ஊர், வேறு படம். சோமாலியாவில் வரிசையாகக் கிடந்த பைக்குகளைக் கொடுத்தவர்களும் நல்லவர்கள்தான்.

மமோலாவும் கோல்மன்களும் பார்த்ததை எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம். பந்தயத்தில் தாங்கள் கற்ற ஒன்றைத் திரும்பத் திரும்ப, சலிக்காமல் கற்றுக்கொடுத்தார்கள். பின்னாளில் நாடுதோறும் உள்ளூர்க்காரர்களே பொறுப்பேற்று நடத்தும் அமைப்புகள் வேலையைத் தொடர்ந்தன. கோல்மன்கள் 'டூ வீல்ஸ் ஃபார் லைஃப்' என்ற அமைப்பின் வழியாகப் பந்தய உலகத்தில் நிதி திரட்டும் வேலையை வைத்துக்கொண்டார்கள். மோட்டோ ஜிபி பந்தயத் தொடர் அதைத் தன் அதிகாரபூர்வத் தொண்டு அமைப்பாக ஏற்றது.

மலையோரக் கிராமங்களுக்கு உதவி செய்யும் பைக் பயணம் என்று உங்கள் வாட்ஸ்அப்பிலும் அழைப்பு வந்திருக்கும். போகிறவர்கள் போகட்டும், கொடுக்க முடிந்தவர்கள் கொடுக்கட்டும். பணம் கொடுப்பதற்கு முன், அங்கே விட்டுவிட்டு வரப்போகிற பொருளை மூன்றாவது வருடம் யார் பழுது பார்ப்பார்கள், அதற்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். கணக்கைக் காட்டினால் தாராளமாகக் கொடுங்கள். அப்படி ஒரு கணக்கே இல்லையென்றால், அவர்கள் அதைப் போட்டு முடித்துவிட்டு வரும்வரை பணம் உங்களிடமே இருக்கட்டும்.